வஞ்சிரத்தின் வயிற்றில் என் ஈயம்

போன மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காசிமேட்டில் என் கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். மீன் விற்கிற பக்கத்திலிருந்து ஐஸ் வண்டிக்காரர் வேகமாக வந்தார்.

"நைனா, கெளம்பு. மல்லிகா வித்த வஞ்சிரத்து வவுத்துல ஈயம் கீதாம். ஒரே கலாட்டா. இன்னா குண்டுன்னு நீ வந்து சொல்லணுமாம்."

என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு மனப்பாடம். பழைய பேட்டரிக் கடையில் ஈயம் வாங்கி, ஒரே ஒரு அச்சோடு தொழிலை ஆரம்பித்தவன். இன்றைக்கு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வலையிலும் தூண்டிலிலும் தொங்குகிற ஈயத்தில் பாதி என் பட்டறையில் உருகியது. பீத்தல்தான். உழைத்தவன் பீத்திக்கொள்ளாமல் வேறு யார் பீத்திக்கொள்வது?

ஒரு குண்டைக் கையில் கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அது எங்கே போகிற குண்டு என்று. முட்டை மாதிரி இருந்து நடுவே ஓட்டை ஓடினால் தூண்டில் குண்டு. நைலான் நரம்பு அதற்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். இரையை இழுக்கிற மீனுக்குக் கனமே தெரியாது. மிளகு சைஸில் பிளந்திருந்தால் பொடி மீனுக்கு. அதை நரம்பில் பல்லால் கடித்து இறுக்குகிறவர்கள் உண்டு — கடிக்காதீர்கள், ஈயம் விஷம். கூம்பு மாதிரி இருந்தால் மணல் தரைக்கு. குத்தி நிற்கும், அலை உருட்டாது. அதையே எண்ணூர் முகத்துவாரத்துச் சாம்பல் சேற்றில் போட்டால் புதைந்துவிடும். அங்கே தட்டைக் குண்டுதான் சரி.

திருவொற்றியூர் பாறைக் கல்லில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவன் மட்டும் என்னிடம் வர மாட்டான். கல் இடுக்கில் மாட்டி ஒரே நாளில் நாலு குண்டு போய்விடும். அதனால் துருப்பிடித்த நட்டு ஒன்றைக் கட்டிக்கொள்வான். புத்திசாலி!

சரி, கதைக்கு வருகிறேன்.

மல்லிகா தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறவள். இருபது வருஷத்துக்கு மேலாக அதே இடம். கல்யாணம் ஆகி வந்தபோது அவள் மாமியார் விட்டுக்கொடுத்த இடம். அன்றைக்கு அவளைச் சுற்றிக் கூட்டம். மீன் வாங்கிய ஆள் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். வெட்டுகிற கட்டைமேல் மூன்று ஈயத் துண்டுகள்.

"எடை போட்டு காசு வாங்கினாங்க. வெட்டினா உள்ளே இது! கேளுங்க பெரியவரே."

"ஏலத்துல எடுத்தேன், அப்டியே கொண்டாந்து வெச்சேன். என் புள்ளைங்க மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் மல்லிகா. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதை நான் பார்த்தேன். இப்போதும் பார்க்கிறேன்.

"நைனா, நீ சொல்லு. மீனு முழுங்கினதுதானே?"

நான் ஒன்றை எடுத்துத் திருப்பினேன். கூட்டம் என் கையையே பார்த்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது... கேமரா வேறு!

"முழுங்கவே இல்ல," என்றேன். "இது தூண்டில் குண்டே கெடயாது. பெரிய போட்டு இழுவலையில போடறது. கயித்த அவுக்காமலே மாட்டற மாதிரி பக்கவாட்டுல பொளந்து உட்டுக்கீது பாரு — அது என் ஐடியா. மாட்டினா சுத்தியால அடிச்சி வாய மூடணும். இதுல வாய் தொறந்தே கீது, அடிச்ச தழும்பு இல்ல. உப்புத் தண்ணி பட்டா ஈயம் வெளுத்துப் பூடும். இது பளபளன்னு கீது. இந்தக் குண்டு கடலுக்குள்ளயே எறங்கல. எவனோ கையால உள்ள தள்ளிக்கீறான்."

அத்தனையும் உண்மை. ஒரு சொல் தப்பில்லை.

"எவனோ என்ன எவனோ?" என்றார் வீடியோக்காரர். "வித்தது இவங்கதானே?"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது — நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

மீதிப் பாதி இது. அந்தக் கனத்தில் அந்தக் குண்டை ஒரே ஒருவருக்குத்தான் வார்த்துக் கொடுக்கிறேன். நாலைந்து போட் வைத்திருக்கிற ஓனர். அவர் போட் கடலுக்குப் போவதற்கு முந்தின நாள்தான் ஒரு மூட்டை ஏற்றிவிட்டேன். மல்லிகா ஏலம் எடுத்ததும் அதே போட் மீன்தான். எடை கூடினால் ஏலத்தில் யாருக்கு லாபம்? அஞ்சாங்கிளாஸ் போதாதா, இதைப் புரிந்துகொள்ள?

வாயைத் திறந்தேன். கூட்டத்தில் அந்த ஓனரின் மேனேஜர் நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நைனா கண்ணுக்கு எதுவும் தப்பாது. வாங்க, டீ சாப்பிடலாம்."

போனேன். என் பட்டறை அடுப்பு வருஷம் பூரா எரிவதே அந்த ஓனர் கொடுக்கிற ஆர்டரில்தான். ஏற்கெனவே ஒரு டீ குடித்திருந்தேன். இரண்டாவதையும் குடித்தேன்.

வீடியோ மாதவரம் வரை போனதாகச் சொன்னார்கள். அதில் என் முகம் தெளிவாக இருக்கிறது, குரலும். 'வயசானாலும் என்னா அறிவுப்பா' என்று பாராட்டி நாலு போன். மீன் வியாபாரிகள் சங்கத்தில், மல்லிகா இனி அங்கே உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தூணுக்குப் பக்கத்தில் இப்போது வேறொருத்தி.

போன வாரம் டோல்கேட் பக்கம் போனேன். பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி, அன்னக்கூடையை வைத்துக்கொண்டு தரையில் மல்லிகா. வஞ்சிரம் இல்லை. சங்கரா, காணாங்கத்தை, கொஞ்சம் நெத்திலி.

பக்கத்தில் குந்தினேன். எப்படி ஆரம்பிப்பது? ஆரம்பித்துவிட்டேன்.

"மல்லிகா... அது எவன் வாங்கின குண்டுன்னு எனக்குத் தெரியும்மே."

அவள் தலையைக் கூடத் தூக்கவில்லை.

"எனக்கும் அன்னிக்கே தெரியும். உனக்குத் தெரியும்னும் தெரியும். டீக்குப் போற வரிக்கும் உன் வாயையே பாத்துகினு இருந்தேன் நைனா."

"சங்கத்துல போய் சொல்றேன்."

"சொல்லு. யாரு வாணாங்கறா? சங்கரா வேணுமா, இன்னா?"

ஒன்று எடுத்தேன். அவள் தராசில் வைக்கவில்லை. முதலில் வயிற்றைக் கீறி, குடலை எடுத்துப் போட்டு, உள்பக்கம் தெரிய விரித்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். இப்போதெல்லாம் எல்லோருக்கும் அப்படித்தானாம். திறந்து காட்டிவிட்டுத்தான் எடை.

"நல்லா பாத்துக்கோ. நீதான் பெரிய ஆளாச்சே."

பார்த்தேன். ஒன்றுமில்லை.

சங்க ஆபீஸ் என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு வாரம் ஆயிற்று, இன்னும் போகவில்லை. அங்கே வாயால் சொல்ல வேண்டியதை உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதிலும் அந்த ஓனர் பேரைக் காணோம்... கவனித்தீர்களா?