இடப்பக்கம் நடக்க எட்டுப் படம்

வனினா லெதெஸ்மாவின் இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றையும் மீன் தோலுரிக்கும் இயந்திரம் வாங்கிக்கொண்டது. வேலை வேகம் குறைகிறதென்று அதன் மூடியைக் கழற்றி வைத்திருந்தவர்கள், அன்று மதியமே ஓடிப்போய்த் திரும்ப மாட்டினார்கள். மார் தெல் பிளாத்தா துறைமுகத்தில் இதெல்லாம் நாலு நாள் பேச்சு, அவ்வளவுதான்.

வயிறு எரிவது அதற்கப்புறம் நடந்ததற்கு. விபத்தை விசாரித்த டாக்டர் குனிந்த தலை நிமிராமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கட்டைப் பிரித்து மேசைமேல் வைத்த கையை ஒரு தடவை ஏறெடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ‘வலது கை’ என்று எழுதினார். அடுத்த மேசைக்காரர் வலது கையைப் பார்த்தார். ஐந்து விரலும் இருந்தன. ‘குறைபாடு ஏதுமில்லை’ என்று முத்திரை விழுந்தது. மூன்று வருஷமாகத் திருத்தச் சொல்லி மனு மேல் மனு போடுகிறாள். கண்ணெதிரே இருக்கும் கையைப் பார்த்து எழுதத் துப்பில்லாதவர்களுக்கு வெள்ளைக் கோட்டு ஒரு கேடு.

வேலை போகவில்லை. வெட்டும் மேசையிலிருந்து பெட்டி கட்டும் மூலைக்குத் தள்ளினார்கள். விடியுமுன் தொடங்கும் வேலை மதியத்தோடு முடியும். பிறகு பொழுது கழிய வேண்டுமே. பக்கத்துத் தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் ரமிரோ ஒரு பழைய கணினியைக் கொண்டுவந்து வைத்தான். அவனுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதும் பைத்தியம். படம் வரைய ஆள் இல்லை.

வனினா வரைந்தாள். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு புள்ளியாக, பதினாறே நிறத்தில். துறைமுகத்து மஞ்சள் படகுகள், பெட்டிமேல் பெட்டியாக மீன், கரையில் கொழுத்துக் கிடக்கும் கடற்சிங்கங்கள். புகைமூட்டத்துக்கு எந்தச் சாம்பல் என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். கதாநாயகி பெத்ரா, மீன் வெட்டுகிறவள், இருபத்துநாலு புள்ளி உயரம். வலது கையில் கத்தி. இடது கையில் மற்றவர்களுக்கு மூன்று புள்ளி என்றால் பெத்ராவுக்கு ஒன்றுதான்.

வலப்பக்கம் நடக்க எட்டுப் படம், இடப்பக்கம் நடக்க இன்னொரு எட்டு. பெத்ரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒற்றைப் புள்ளி இடது கையில்தான் இருக்க வேண்டும். இந்த உலகத்தில் ஓரிடத்திலாவது அது சரியாகப் பதிவாகட்டும் என்பது அவள் வைராக்கியம். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்றே நினைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம், பேட்டை கிளப்பில், பொழுதுபோக்குக்கு விளையாட்டு செய்கிறவர்கள் கூடினார்கள். சுவரில் பெரிய திரை. வனினாவோடு மேசையில் நின்று மீன் வெட்டிய டெலியா, இன்னும் நாலு பெண்களோடு மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவையும் சுடுநீர்க் குடுவையுமாக முன்வரிசையைப் பிடித்துக்கொண்டாள். ரமிரோ விசையைத் தட்டினான். பெத்ரா வலப்பக்கம் நடந்தாள். கைதட்டல். பிறகு இடப்பக்கம் திரும்பினாள்.

டெலியா குடுவையை மடியில் இறக்கினாள்.

“ஏய் வனினா, என்னடி இது? கத்தி எடது கைக்குப் போயிருச்சு, வெரல் வலது கையில காணோம்! இதையும் அந்த டாக்டரையே வரையச் சொன்னியா?”

பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். டெலியா கெட்டவள் இல்லை, விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் வனினா நேரே நடந்துபோய்த் திரையின் மின்கம்பியைப் பிடுங்கினாள்.

“எங்கடா என் எட்டுப் படம்?”

“அக்கா, மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். எங்கடா?”

ரமிரோ கழுத்தைச் சொறிந்தான். “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்துச்சுக்கா. எல்லாரும் ஒரு பக்கம் வரைஞ்சு கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் போட்டுக்குவாங்க. எடம் மிச்சமாகும்னு… அழிச்சுட்டேன்.”

“அழிச்சுட்டியா?”

“ரெண்டு மூணு புள்ளிக்கா! யாரு பாக்கப் போறா?”

வனினா இடது கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“அந்த டாக்டரும் இதைத்தாண்டா நெனச்சிருப்பான். யாரு பாக்கப் போறான்னு. ரெண்டு வருசமா எங்கூட உக்காந்து மாத்தே குடிச்சியே, குடுவைய எந்தக் கையிலேருந்து வாங்கின? இந்தக் கையிலேருந்துதான? நீயும் பாக்கல!”

அவன் எழுந்து வழிவிட்டான்.

“வேற யார் விளையாட்டையாவது போடுங்க,” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். “நான் முடிச்சுட்டுச் சொல்றேன்.” ரமிரோவின் நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தாள். வலது கையால் சுட்டியை நகர்த்தினாள். பிழையாகும்போதெல்லாம் இடது கட்டைவிரலும் சுண்டுவிரலும் இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கி, போட்டதை அழித்தன. டெலியா பக்கத்தில் வந்து நின்று, “நான் சும்மா சிரிப்புக்குச் சொன்னேன்டி,” என்றாள். “தெரியும். தண்ணி ஊத்து,” என்றாள் வனினா, தலையைத் திருப்பாமல்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் எழுந்துபோகவில்லை. பெத்ரா மறுபடி திரையில் வந்தாள். இடப்பக்கம் திரும்பி நடந்தாள், கத்தி வலது கையில், ஒற்றைப் புள்ளி இடது கையில். டெலியா எண்ணிப் பார்ப்பதுபோல் விரலை நீட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சிரிக்காமல் தலையை ஆட்டினாள்.

வனினாவின் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. ரமிரோ தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். விளையாட்டின் கடைசிக் கட்டத்தில் பெத்ரா எதிர்கொள்ள வேண்டிய டாக்டரை அவள் இன்னும் வரையவே இல்லை.

“டாக்டருக்கும் ரெண்டு பக்கமும் தனித்தனியா வரைஞ்சிருங்கக்கா. நான் தொடவே மாட்டேன். சத்தியமா.”

வனினா அங்கேயே வரைந்தாள். வெள்ளைக் கோட்டு, குனிந்த தலை, கையில் காகிதம். எட்டுப் படம், ஒரு பக்கம் மட்டும். முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியே வைக்கவில்லை.

“இந்தா. இவனை நீ எப்படி வேணாலும் திருப்பிப் போட்டுக்கோ,” என்று எழுந்தாள். “எந்தப் பக்கம் நடந்தாலும் இவன் பாக்கப் போறதில்ல.”