சைகோனில் நெல் அவித்தவர்

அம்பகரத்தூர் சிதம்பரநாதனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கல்யாணத்துக்குப் போனால் பந்தல் முடிச்சைச் சரிபார்ப்பார். பஸ்ஸில் ஏறினால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு டிரைவருக்கு யோசனை சொல்வார். கேட்காத யோசனைதான், ஆனால் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பதால் டிரைவர்களுக்கு இன்னும் எரிச்சல். அப்படிப்பட்ட மனுஷனை 1951-ல் கடல் கடந்து சைகோனுக்கு அனுப்பி, நாற்பது நாள் சும்மா உட்காரவைத்தார்கள்.

அவர் காரைக்கால் அப்துல் லத்தீப் மரைக்காயரின் அரிசி மில்லில் பிட்டர். மில்லின் ஒரே மிஷின் தேய்ந்து ஓய்ந்துவிட்டது. இந்திய எல்லையைத் தாண்டிப் புதுசு கொண்டுவருவது சுங்கத்தோடு மல்லுக்கட்டும் வேலை. சைகோனிலும் காரைக்காலிலும் அப்போது பறந்தது ஒரே பிரெஞ்சுக் கொடி, அந்தத் தொல்லை இல்லை. அங்கே சோலோன் பேட்டையில் ஒரு சீன வியாபாரியிடம் நல்ல மிஷின் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது.

"நீயே போய்ப் பாரு சிதம்பரம். உனக்குத் திருப்தின்னா வாங்கு" என்றார் முதலாளி.

சிதம்பரநாதனுக்கு ஒரே ஒரு சந்தேகம். சைகோன்காரர்கள் தின்பது பச்சரிசி. நம் பக்கத்தில் நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து அரைத்த புழுங்கலரிசி இறங்காமல் யாருக்கும் வயிறு நிறையாது. அந்த ஊர் மிஷின் இந்த ஊர் நெல்லை அரைக்குமா? அரைக்காவிட்டால் தை அறுவடைக்கு மில் செத்த மாதிரிதான். அதனால் போட்டுப் பார்க்க, மனைவி பங்கஜவல்லி அவித்துக் காயவைத்த நெல்லில் அரை மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார். மற்றவர்கள் ஊறுகாய் கொண்டுபோவார்கள்.

சைகோனில் அவரை வரவேற்றது அல்லா பிச்சை. முதலாளிக்குத் தூரத்து உறவு, துணிக்கடைக்காரர், பிரெஞ்சும் சீனமும் தெரிந்தவர். தங்க இடம் பிடித்துக் கொடுத்தது, காரைக்கால் பக்கம் போலகத்திலிருந்து வந்த அஞ்சுகத்தின் மெஸ்ஸில். அவள் புருஷன் பட்டாளத்தில் எங்கோ வடக்கே இருந்தான். அவள் ஊர்க்காரர் ஆறு பேருக்குப் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சோலோன் வியாபாரி முதல் நாளே சிரித்த முகத்தோடு, "இன்னும் பத்து நாள். எஞ்சினுக்கு ஒரு சாமான் வரணும்" என்றான். பத்து நாள் கழித்து அதே சிரிப்பு, அதே பத்து நாள்.

சிதம்பரநாதன் தனக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார். ஐந்து மணிக்குக் குளியல், விபூதி. மாரியம்மன் கோவிலில் ஒரு சுற்று. பிறகு டிராமில் சோலோன். வியாபாரியின் கொட்டகை வாசலில், ஆபீசுக்கு வந்த குமாஸ்தா போல, மத்தியானம் வரை நிற்பார். பேச பாஷை இல்லை. நிற்பதே பேச்சு. திரும்பி வந்து பச்சரிசிச் சோற்றை மருந்து மாதிரி விழுங்குவார். அப்புறம் அஞ்சுகத்தின் குழாய், அல்லா பிச்சையின் தையல் மிஷின், எதிர்வீட்டு வியட்நாமியக் கிழவரின் சைக்கிள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிரித்துப் பூட்டுவார். படுக்குமுன் மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இருபத்தோராம் நாள் மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தவருக்கு மூக்கு நிமிர்ந்தது. இலையில் புழுங்கலரிசிச் சோறு! பேசாமல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மற்ற ஆறு பேருக்கும் கண்ணே கலங்கிவிட்டது. மோர் ஊற்றும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அரிசி ஏதும்மா?"

"உங்க மூட்டைதாண்ணே. எலி வேற கொறிக்க ஆரம்பிச்சிடுச்சு. நீங்களும் வாயத் தொறந்து கேக்க மாட்டீங்க, தெனம் சோத்தப் பாத்து மூஞ்சச் சுளிக்கிறீங்க. பக்கத்து வூட்டு ஒரல்ல போட்டு மூட்டைய முழுக்கக் குத்திட்டேன். நம்ம காரைக்கா சனங்க வூட்டுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு படி குடுத்தேன், உங்க பேரச் சொல்லித்தான்."

சிதம்பரநாதன் இலையிலிருந்து கையை எடுத்தார். கடல் தாண்டி வந்த காரணத்தை அவரே மூன்று தடவை வாங்கித் தின்று முடித்திருக்கிறார். கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அஞ்சுகத்தைத் திட்டலாம் என்றால் வாயில் இன்னும் அந்த ருசி. விஷயத்தைச் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அழுவுறதை அப்புறம் வச்சுக்கலாம். பெரிய அண்டா இருக்கா?" என்றார்.

அன்று சாயங்காலமே படகுத்துறையில் நெல் வாங்கி வந்தார். காரைக்காலில் எத்தனையோ ஆயிரம் மூட்டை அரைத்தவர்தான், ஆனால் ஒரு மரக்கால்கூட அவித்ததில்லை. அது பங்கஜவல்லியின் வேலை, அவர் அதை ஒரு வேலையாகவே மதித்ததும் இல்லை. முதல் தடவை மழை பிடித்துக்கொண்டது. நெல் காயாமல் புளித்து, தெருவே மூக்கைப் பொத்தியது. இரண்டாம் தடவை வெயில் கிடைத்த சந்தோஷத்தில் தகரக் கூரைமேல் கொட்டினார். ஒரே நாளில் முறுகக் காய்ந்தது. ஒரு நெல்லை உரித்துப் பார்த்தால் அரிசியில் குறுக்கே கீறல்.

அதற்குள் முதலாளியிடமிருந்து தந்தி வந்துவிட்டது: மிஷினை வாங்கிக்கொண்டு அடுத்த கப்பலில் புறப்படு. கப்பலுக்கு எட்டே நாள். அன்றே வியாபாரியும் எஞ்சின் தயார் என்று ஆளனுப்பினான்.

"இந்த நெல்லையே போட்டுப் பாத்துட வேண்டியதுதானே மேஸ்திரி?" என்றார் அல்லா பிச்சை.

"இது என் கையில கெட்ட நெல்லு. இது ஒடஞ்சா மிஷினக் குத்தம் சொல்ல முடியுமா? அது நியாயமில்லீங்க."

மூன்றாம் தடவை அஞ்சுகம் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டாள். ஊறவைத்தது, அவித்தது எல்லாம் அவள் கணக்கு. ஆறு பேர் படுக்கும் கூடத்தில் பாய் விரித்து, நிழலில் மெல்லக் காயட்டும் என்று நெல்லைப் பரப்பினார்கள். ஆறு பேரும் அல்லா பிச்சையின் துணிக்கடையில் போய்ப் படுத்தார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. சிதம்பரநாதன் காலால் துழாவித் துழாவி மூன்று நாள் நெல்லைக் கிளறினார். இது இவ்வளவு பெரிய வேலையா என்று தோன்றியது. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அதை ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

கப்பலுக்கு முதல் நாள் சோதனை. வியாபாரி முதலில் பச்சை நெல்லைப் போட்டான். அரிசி முத்து முத்தாகக் கொட்டியது. அல்லா பிச்சை கைதட்டினார். பிறகு அவித்த நெல். பத்து நிமிஷம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் சத்தம் மாறியது. எண்ணெய்ப் பசையுள்ள தவிடு சல்லடையில் அப்பிக்கொள்ள, மிஷின் முனகியது. அரிசி சூடாக, உடைந்து நொய்யாக விழுந்தது. சிதம்பரநாதன் அரைக்கும் கற்களின் இடைவெளியைக் கூட்டினார். பாதி நெல் உமியோடு வந்தது. குறைத்தார். மறுபடி நொய். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆறு முறை மாற்றிப் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்தார்.

"வேணாங்க."

அல்லா பிச்சை பதறினார். "தந்தி வந்தப்புறம் வேணாங்குறீங்களே. உங்க வேலை போயிடும் மேஸ்திரி!"

"வேணாம்னா என் வேலதான் போவும். வாங்கினா மில்லே போயிடும்."

கைக்குட்டையில் ஒரு பிடி நொய்யை முடிந்துகொண்டு வெறுங்கையோடு கப்பலேறினார். வழியெல்லாம் பயம்தான். பயமாக இருந்தது என்று பிற்பாடு அவரே சொல்வார். ஆனாலும் ஒரு தடவைகூட வாங்கியிருக்கலாமோ என்று நினைக்கவில்லை.

காரைக்கால் மில் முற்றத்தில் புது மிஷினுக்கு அடித்தளம் போட்டுப் பூசி வைத்திருந்தார்கள். சிதம்பரநாதன் அதைச் சுற்றிப் போய் முதலாளி முன்னால் கைக்குட்டையை அவிழ்த்தார். முதலாளி நொய்யை உள்ளங்கையில் கொட்டி வெகுநேரம் பார்த்தார்.

"என் தந்தி கெடச்சுதா?"

"கெடச்சுது முதலாளி."

"கெடச்சுமா வாங்காம வந்தே?"

"ஆமாங்க."

முதலாளி அடித்தளத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். புது மிஷின் வருகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனுஷன். தரையைப் பார்த்தபடி பேசினார்.

"உண்மையச் சொல்றேன் சிதம்பரம். நீ வாங்கிட்டு வந்து, அது இங்க ஓடாமப் போயிருந்தா, தந்தி குடுத்தவன் நான்தாங்குறதையே மறந்துட்டு உன் தலையிலதான் பழியப் போட்டிருப்பேன்."

"தெரியும் முதலாளி" என்றார் சிதம்பரநாதன். "ஆனா நீங்க போடலைன்னாலும், நானே என் தலையில போட்டுக்கிட்டிருப்பேன்."