எமிலியானா சொன்ன உண்மை

மன்னார் பேசாலையிலிருந்து 1991இல் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த எமிலியானாவுக்குக் கிடைத்த வேலை, சமையலும் அல்ல, நிலம் துடைப்பதும் அல்ல. கபோ சந்தைக்குப் பின்னாலிருந்த பழைய மாளிகையில், பரோனெஸ்ஸா எலியோனோரா என்ற பிரபுக் குடும்பத்து முதியவருக்கு உடனிருக்க வேண்டும். காலையில் தலை வாரி, முத்துமாலையைப் பூட்டி, பூசைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வேண்டும்.

"நீ ராணியின்ரை தோழியெல்லோ" என்று கணவன் கிறிகோரி பகிடி பண்ணுவான். அவன் மொண்டெல்லோ கடற்கரை உணவகமொன்றில் கோப்பை கழுவினான். கோடை முடிந்தால் அவனுக்கு வேலை இல்லை.

மகள் அமலினியை மூன்று வயதில் அக்கா யோசப்பினிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சண்டை நடக்கிற இடத்தில் சொந்தப் பிள்ளை. இங்கே இன்னொருத்தியின் தலையை வாரிக்கொண்டிருக்கிறேன். சீப்பை எடுக்கும்போதெல்லாம் எமிலியானாவுக்கு இந்த நினைப்பு வரும்.

பரோனெஸ்ஸா அவளை வேலைக்காரியாக நடத்தவில்லை. இத்தாலியன் கற்றுக்கொடுத்ததே அவர்தான். காலையில் இரண்டு கோப்பி ஊற்றச் சொல்வார். மற்றது இறந்துபோன கணவருக்கு. காலி நாற்காலியைப் பார்த்து மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கதைப்பார். முதல் தடவை எமிலியானா திகைத்து நின்றபோது சொன்னார்: "அவர் செத்துப்போனது எனக்குத் தெரியும், எமிலியானா. காலைப்பொழுது நீளமாக இருக்கிறது. அவ்வளவுதான்."

வீட்டு அலுவல்களைப் பார்த்தவர் அந்தக் கணவரின் தம்பி மகன் சால்வோ. பிள்ளையை இத்தாலிக்குக் கூப்பிடுவதற்கு வேலை கொடுப்பவரின் சான்று தேவைப்பட்டது. எமிலியானா சால்வோவிடமே கேட்டாள்.

"தருகிறேன்" என்றார் சால்வோ. "பெரியம்மாவுக்குச் சித்தம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அடுத்த கிழமை நீதிபதி வருகிறார். பெரியம்மா யாரோடு கதைக்கிறார் என்று கேட்பார். கண்டதை மட்டும் சொல். பொய் ஒன்றும் வேண்டாம்."

சான்றுக்கு என்ன விலை என்று அவளுக்கு விளங்கியது. கிறிகோரியிடம் சொன்னாள்.

"உண்மையைத்தானே கேக்கினம்" என்றான் அவன். "அங்கை பிள்ளை ஷெல்லடிக்குள்ளை நிக்கிறாள், எமிலி."

நீதிபதி வந்த காலையிலும் அவள்தான் பரோனெஸ்ஸாவுக்குத் தலை வாரிவிட்டாள்.

"இவர் செத்த கணவரோடு கதைக்கிறாரா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஓம். ஒவ்வொரு காலையும்."

"அவருக்குக் கோப்பி வைப்பாரா?"

"வைப்பார்."

பரோனெஸ்ஸா அவளைப் பார்த்தபடி இருந்தார். கணவர் செத்தது தனக்குத் தெரியும் என்கிற மிச்சத்தையும் அவள் சொல்வாள் என்று காத்திருந்தார். ஜன்னலோரம் சால்வோ நின்றார். எமிலியானா தலையைக் குனிந்துகொண்டாள்.

சுயமாக முடிவெடுக்க முடியாதவர் என்று தீர்ப்பாகி, பரோனெஸ்ஸாவை நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். சால்வோ சொன்ன சொல் தவறவில்லை. 1996 கோடையில் அமலினி வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் தாயைப் பார்த்து "அன்ரி" என்றாள்.

இல்லத்துக்கு எமிலியானா மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். பரோனெஸ்ஸாவின் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவர் சிறுமியின் கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்தினார்.

"இவள்தானா?"

"ஓம், சின்யோரா."

பிறகு பரோனெஸ்ஸா, கோபமே இல்லாத குரலில், "என்னிடம் கேட்டிருக்கலாமே. சான்றை நானே தந்திருப்பேன்" என்றார்.

அவரிடம் கேட்கலாம் என்று எமிலியானாவுக்குத் தோன்றியதே இல்லை. நாலு வருஷம் பக்கத்தில் இருந்தும், அவரும் முடிவு எடுக்கக்கூடிய ஓர் ஆள் என்று அவள் நினைக்கவில்லை. சால்வோவைப் போலவேதான் அவளும் நினைத்திருந்தாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் போனாள். பரோனெஸ்ஸா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அடுத்த வருஷம் மாரியில் இறந்துபோனார். மாளிகையைச் சால்வோ விற்றார். வயதானவர்களோடு இருக்கும் வேலைகள் பின்பும் வந்தன. எமிலியானா மறுத்துவிட்டு, மாடிக் கட்டிடங்களில் படி கழுவப் போனாள். அமலினி மெல்ல மெல்ல "அம்மா" என்று கூப்பிடத் தொடங்கினாள். அப்படிக் கூப்பிடும்போது சந்தோஷப்படவும் எமிலியானாவுக்குப் பயமாக இருந்தது.

"பிள்ளை வந்திட்டாள்தானே. இன்னும் ஏன் உருகுறாய்? சாமியிட்டைச் சொல்லி மன்னிப்புக் கேள்" என்றான் கிறிகோரி.

"பொய் சொல்லியிருந்தால் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லலாம். நான் சொன்னது முழுக்க உண்மை. அதை என்னெண்டு சொல்லுறது?"

ஆனாலும் பெரிய வெள்ளிக்கு முதல்நாள் கோயிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றாள். தன் முறை வந்தபோது, பின்னால் நின்ற பெண்ணுக்கு வழி விட்டாள்.