பெரியப்பாவின் எழுபது கிலோ

எடை மெஷின் பழுதுபார்க்கும் என் பெரியப்பாவுக்கு அவர் உடம்புதான் எடைக்கல். இருபது வருடமாக எழுபது கிலோ. மெஷினில் ஏறி நின்று முள்ளைத் திருத்திவிடுவார். மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய ஆறே மாதத்தில் பேண்ட் பட்டன் போட முடியவில்லை; தலைசுற்றி இரண்டு முறை விழுந்தார்.

டாக்டர் எடை பார்த்தார். "இந்த மாத்திரை சில பேருக்கு எடையைக் கூட்டும், தலையும் சுத்தும். ஆனா உங்களுக்கு எடை கூடலையே, எழுபதுதான்."

"அப்ப பேண்ட்டா சுருங்கிப்போச்சு?" என்று பெரியம்மா எரிந்து விழுந்தாள்.

பெரியப்பாவுக்கு முகம் வெளிறிப்போனது. "போன வாரம் இந்த மெஷினை நான்தான் சரிபண்ணேன் டாக்டர். நான் ஏறினா எண்பத்திரண்டு காட்டுச்சு. மெஷினுக்குத்தான் கோளாறுன்னு எழுபதுக்கு இறக்கிட்டேன்."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "ஐயையோ, இதுல எடை பார்த்துத்தானே இந்த வாரம் அத்தனை குழந்தைங்களுக்கும் மருந்து எழுதினேன்!"