பாலம் வந்தால் எழுப்ப வேண்டியவர்

காலை 7.04 வண்டி. முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி, இரண்டாவது வாசலுக்கு இடப்புறம், எதிரெதிராக இருக்கும் ஆறு இருக்கைகள். அவற்றில் ஜன்னலோரத்து இருக்கை முப்பத்து நான்கு வருடங்களாகக் கண்ணாடி அக்காவுக்கு உரியது. எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. ஆனாலும் வேறு யாராவது தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் தொண்டையைக் கனைத்தே அவரை எழுப்பிவிடுவார்கள்.

அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிப் பட்டறையில். சுழலும் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட, லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைக்க வேண்டும். கைப்பையில் எப்போதும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு திருப்புளி இருக்கும். பெட்டியில் யாருடைய கண்ணாடி லொடலொடத்தாலும் அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் முடுக்கிக் கொடுத்துவிடுவாள். பேர் அப்படி வந்ததுதான்.

ரயில் என்றால் அவளுக்கு உயிர். இருபத்து மூன்று வயதில் ஏறியபோது பெட்டியில் மரப்பலகை இருக்கைகள். மின்விசிறி தானாகச் சுற்றாது. யாராவது எழுந்து சீப்பை உள்ளே விட்டுத் தள்ளிவிட வேண்டும். ஜன்னல் பலகையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அது விழுந்தால் ஒரு விரல் போகும். அந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டுப் புதியவை வந்தபோது அவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பட்டறைக்கு நேராகப் பேருந்து விட்டார்கள். பதினோரு நிமிடம் மிச்சமாகும் என்று மகள் கணக்குச் சொன்னாள். "பஸ்ல போனா எதிர்ல இருக்கிறவன் முதுகைத்தான் பார்க்கணும்" என்றாள் அக்கா. தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் வீடுகளின் சமையலறை ஜன்னல்கள் அவளுக்கு மனப்பாடம். மஞ்சள் கதவு வீட்டில் குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, பள்ளிக்கூடப் பையோடு நின்றது, எல்லாவற்றையும் ரயிலிலிருந்தே பார்த்தவள்.

இவ்வளவு ஆசை வைத்தவளுக்கு ரயிலில் ஒரு பயமும் இருந்தது. தூங்குகிறவர்களைப் பார்த்தால் பயம்.

பதினொரு வருடங்களுக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. அச்சகத்தில் இரவு வேலை முடித்து வந்த அவள் கணவர், முன்னறைச் சாய்வு நாற்காலியில் சுவர்ப்பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். காலடியில் நழுவிக் கிடந்த போர்வையை இழுத்து மார்பு வரை போர்த்திவிட்டாள். "அப்பா இப்பதான் கண்ணசந்தாரு, எழுப்பாதே" என்று மகளிடம் சொல்லிவிட்டு 7.04க்கு ஓடினாள். அன்றைக்குப் பெட்டியில் ஒரே கும்மாளம்; கூடப் பயணம் செய்யும் பேப்பர் சார் யாரையோ போலப் பேசிக் காட்ட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பட்டறைக்குத் தொலைபேசி வந்தது 10.20க்கு. ஆறரை மணிக்கே போயிருப்பார் என்றார் டாக்டர். அப்படியென்றால் அவள் போர்த்திவிட்டது யாரை?

அதற்குப் பிறகுதான் பெட்டியில் எழுப்பிவிடும் வேலையை அவளாக எடுத்துக்கொண்டாள். யார் எங்கே இறங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஸ்டேஷன் வருவதற்கு முன் தோளைத் தட்டுவாள். அவர்கள் கண் திறக்கும்வரை அவள் மூச்சு விடுவதில்லை. இது யாருக்கும் தெரியாது. 'அக்கா இருந்தா அலாரமே வேண்டாம்' என்று சந்தோஷப்பட்டார்கள்.

அதற்கும் முன்பிருந்தே அவளை எழுப்பச் சொல்லி வந்தவர் ஒருவர்தான், லிஃப்ட் அண்ணன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் இயக்குபவர். 7.09க்கு அடுத்த ஸ்டேஷனில் ஏறி, பையை மேலே வைத்து, எதிர் இருக்கையில் உட்கார்ந்து, "பாலம் வந்தா எழுப்பும்மா" என்பார். 7.11க்குக் குறட்டை. பத்தொன்பது வருடமாக இதேதான். ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் அவரைப் பாதியில் எழுப்பி மணி கேட்டுவிட்டார். பெட்டியே கூடி அவருக்குத் தண்டனை விதித்தது: எல்லோருக்கும் டீ. அன்றிலிருந்து அது சட்டம். பாலத்துக்கு முன்னால் லிஃப்ட் அண்ணனைத் தொடக்கூடாது.

தூக்கத்திலும் அவருக்கு ஒரு பழக்கம். 7.24 ஸ்டேஷன் தாண்டியதும் தண்டவாளம் வலப்புறமாக வளையும். வண்டி சாயும். அவருடைய கனத்த கண்ணாடி மூக்கில் சறுக்கும். கண்ணைத் திறக்காமலே ஆள்காட்டி விரலால் அதை மேலே தள்ளிவிட்டுக் குறட்டையைத் தொடர்வார். அந்த விரல் எழும்பும்போதுதான் அக்காவுக்கு நெஞ்சு லேசாகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை 7.26க்கு வளைவு வந்தது. கண்ணாடி சறுக்கி மூக்கு நுனிக்கு வந்தது. விரல் எழும்பவில்லை.

அவள் முன்னால் குனிந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி பார்க்கிறே?" என்றார் பேப்பர் சார். பத்திரிகைத் தலைப்புகளை ஊருக்கே கேட்கும்படி படிப்பவர்.

"அண்ணன் கண்ணாடியைத் தள்ளலை."

"ஒருநாள் தள்ளலைன்னா என்ன, விரலுக்கு லீவா இருக்கும்."

"குறட்டையும் இல்லை சார்."

"அதுக்கு நீ சந்தோஷப்படணும். எழுப்பிடாதே, டீ செலவு உன் தலையில விழும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணியது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் எல்லோருடைய மார்பும்தான் ஏறி இறங்கியது. 7.29 ஸ்டேஷன் வந்தது, போனது. கையை நீட்டினாள், மடக்கிக்கொண்டாள். தொட்டு, அவர் எழுந்து எரிந்து விழுந்தால் பரவாயில்லை. தொட்டு, அவர் எழாவிட்டால்? தொடாதவரை அவர் தூங்குகிறார் என்றே இருக்கும். பதினொரு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான், தொடாமல், போர்வையை மட்டும் இழுத்துவிட்டு வந்தாள்.

7.33 ஸ்டேஷனும் போனது. கதவோரம் நின்றிருந்தவர்கள் இறங்கிவிட, வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. சட்டைக் காலர் நனைந்திருந்தது. ஜன்னலில் குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்த காலை அது.

தோளைத் தட்டினாள். "அண்ணா."

தலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் விழுந்தது.

"அண்ணா! பாலம் வந்துடுச்சு! எழுந்திருங்க!"

அந்தச் சொல்லுக்கும் அவர் எழவில்லை. உலுக்கினாள். தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒரு முனகல் வந்தது. உயிர் இருக்கிறது. அதற்குமேல் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அடுத்த வரிசையிலிருந்து மருந்துக்கடை அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். முப்பது வருடமாக மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். கையைத் தொட்டாள், இமையைத் தூக்கினாள். "இவருக்குச் சர்க்கரை உண்டா?"

"ஊசி போட்டுக்கிறேன்னு ஒருநாள் சொன்னாரு."

"சர்க்கரை இறங்கிடுச்சு. தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க, புரையேறிடும். என் பையில குளுக்கோஸ் இருக்கு, எனக்கும் இந்தச் சனியன் உண்டு." பொடியை விரலில் தொட்டு அவர் கன்னத்தின் உட்புறம் தடவினாள். அவர் பக்கவாட்டில் சாய்ந்துகொள்ள இடம் செய்தார்கள்.

"சங்கிலியை இழுங்கப்பா!" என்று ஒருவர் கையை உயர்த்தினார்.

"இழுக்காதீங்க!" அக்கா போட்ட சத்தத்தில் அந்தக் கை அப்படியே நின்றது. "இங்க நிறுத்தினா ரெண்டு பக்கமும் சேறு. ரோடே கிடையாது. முன்ன ஒருதடவை பாலத்துக்கிட்ட இழுத்து இருபத்து மூணு நிமிஷம் நின்னோம், மறந்துட்டீங்களா? வண்டி நிக்காம ஓடினா பத்து நிமிஷத்துல ஸ்டேஷன்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அந்தப் பத்து நிமிடமும் அவள் கணக்கில் ஏறிவிட்டது. சிக்னலில் வண்டி நின்றால்? அவள் சொன்னது தப்பானால்? பேப்பர் சார் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து ஸ்டேஷனுக்கு ஆம்புலன்ஸ் கேட்டார். தலைப்புகளை முழங்கும் அந்தக் குரல் கிசுகிசுவென்று வந்தது. அக்கா லிஃப்ட் அண்ணன் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள். 7.41க்குப் பாலத்தின் இரும்புச் சத்தம் தொடங்கியது. பத்தொன்பது வருடமாக அவரை எழுப்பிய சத்தம். இமை துடித்ததா, வண்டி குலுங்கியதா, தெரியவில்லை.

7.46. நான்கு பேர் தூக்கி நடைமேடைப் பெஞ்சில் கிடத்தினார்கள். கதவு மூடிக்கொண்டது. வண்டியின் கடைசிப் பெட்டி கண்ணை விட்டு மறைகிறபோதுதான் அக்காவுக்கு உறைத்தது.

"ஐயோ, பை!"

அவருடைய கைபேசி, சீசன் டிக்கெட், அடையாள அட்டை எல்லாம் இருந்த பை, பெட்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் சட்டைப் பையில் ஒரு சீப்பும் கைக்குட்டையும்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் நோட்டோடு வந்தார். "இவர் பேர் என்ன?"

கூடவே இறங்கிவிட்ட அக்கா, பேப்பர் சார், மருந்துக்கடை அம்மா மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லிஃப்ட் அண்ணன்" என்றாள் அக்கா.

"அது பேரா?"

"நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம் சார்."

"எத்தனை நாளா தெரியும்?"

"பத்தொன்பது வருஷமா."

அவர் பேனாவை எழுதாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "பத்தொன்பது வருஷமா பேர் கேட்கலையா?"

அண்ணனுடைய சின்ன மகளுக்குக் கணக்கு வராது என்று தெரியும். மாமியாரோடு எட்டு மாதம் பேச்சு இல்லை என்று தெரியும். எந்தக் கிழமை என்ன சாப்பாடு என்றுகூடத் தெரியும். பேர் தெரியாது, வீடு தெரியாது. எந்தப் பன்னிரண்டு மாடி என்றும் தெரியாது. 7.58க்கு ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர் கேட்டது இன்னும் மோசம்: "இன்சுலின் எவ்வளவு போடுறாரு? எப்ப போட்டாரு? கூட என்ன மாத்திரை? வீட்டில யாரையாவது பிடிங்க, சீக்கிரம்."

பெஞ்சில் அவர் கண்ணாடி கிடந்தது. அக்கா அதை எடுத்துத் துடைத்தாள். கைப்பழக்கம்தான். ஆனால் அந்தக் கனத்தை விரல் அடையாளம் கண்டுகொண்டது. அது அவள் தேய்த்த லென்ஸ். போன வருடம் கண்ணாடிமேல் உட்கார்ந்து உடைத்துவிட்டு வந்து நின்றவரை, அவள்தான் தன் பட்டறையின் முன்கடைக்குப் போகச் சொன்னாள். பட்டறைக்கு வரும் சீட்டில் பேர் இருக்காது. எண்ணும் பவரும் மட்டுமே; அந்தப் பவர் அவளுக்கு மறக்கவில்லை. பேரும் தொலைபேசியும் முன்கடைப் பதிவேட்டில்.

கடை திறப்பது எட்டு மணிக்கு. 8.01க்கு எடுத்தாள் கவுண்டர்காரி.

"போன வருஷ மார்ச் பதிவேட்டை எடு. வலது மைனஸ் மூணே கால், இடது மைனஸ் அஞ்சரை. கறுப்பு ஃப்ரேம்."

"பேர் சொல்லுக்கா, உடனே பார்க்கிறேன்."

"பேர் தெரிஞ்சா உன்னை ஏண்டி கேட்கிறேன்? பவரைப் பாரு!"

பக்கங்கள் புரளும் சத்தம். அக்கா ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவருக்குக் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள். "ஏப்ரல்ல இருக்குக்கா, மார்ச் இல்லை!" என்று கவுண்டர்காரி கத்தினாள். மணி 8.06.

அந்த எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள், "ரயில்லேருந்தா?" என்றாள்.

"எப்படிம்மா தெரியும்?"

"ஊசி போட்டுக்கிட்டு, சாப்பிட நேரமில்லைன்னு டப்பாவைப் பையில வெச்சுக்கிட்டு ஓடினாரு. ரயில்ல சாப்பிடுவேன்னாரு. எங்க சாப்பிடப் போறாரு, தூங்கத்தான் தெரியும். தூங்காதீங்கன்னா, அங்க எழுப்பிவிட ஒரு தங்கச்சி இருக்கும்பாரு." குரல் உடைந்தது. "நீங்கதானா? எழுப்பிட்டீங்களா?"

7.26க்கும் 7.33க்கும் இடையில் இரண்டு ஸ்டேஷன்கள் போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கைபேசியை ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுத்துவிட்டு, தாளில் அளவுகளை அவர் குறித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது உள்ளிருந்து, வாய் குழறி, ஒரு குரல்.

"பாலம்... வந்துடுச்சா?"

மருந்துக்கடை அம்மா அழுதுவிட்டாள். அக்கா அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள், 8.40 வரை எழுந்திருக்கவில்லை.

பதினாறு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை 7.09க்கு அவர் ஏறினார். பை கடைசி ஸ்டேஷனில் கிடைத்திருந்தது. சாப்பாட்டு டப்பாவை மட்டும் யாரும் திறக்கத் துணியவில்லையாம். இந்தமுறை பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"சட்டத்தை மீறி எழுப்பியிருக்கே. டீ எங்கே?" என்றார்.

"உங்க பேரு எனக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணா, பதிவேட்டுல பார்த்துட்டேன்."

"அதைச் சொல்லி மட்டும் கூப்பிட்டுடாதே. வீட்டுல திட்டும்போதுதான் அந்தப் பேரைச் சொல்வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "சாப்பிட்டீங்களா?" என்று நான்கு பேர் நான்கு பக்கத்திலிருந்து கேட்டார்கள். சாப்பிட்டேன் என்று நான்கு பேருக்கும் சொல்லிவிட்டு, 7.11க்குக் குறட்டை விட்டார்.

பேப்பர் சார் தலைப்பு படிக்கவில்லை. மருந்துக்கடை அம்மா தன் இடத்தை விட்டு எதிரே வந்து உட்கார்ந்திருந்தாள். 7.24 ஸ்டேஷன் வந்தது, கதவு மூடியது. அக்கா கையை நீட்டி, அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டாள். சட்டமாவது ஒன்றாவது. வண்டி சாய்ந்தது. கண்ணாடி சறுக்கியது.

ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நான்கில் விரல் எழும்பிக் கண்ணாடியை மேலே தள்ளியது.

மஞ்சள் கதவு வீடு எப்போதோ பின்னால் போயிருந்தது. அவள் அன்று அதைப் பார்க்கவில்லை. கையையும் மடக்கவில்லை, பாலம் வரும்வரை அப்படியே நீட்டி வைத்திருந்தாள்.