சலவையக்கா சொல்லாமல் விட்டது

சலவையக்காவுக்கு வேலை ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருந்த தளத்தில். வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போட்டு, பெரிய இயந்திரங்களில் துவைத்து எடுக்க வேண்டும். ரத்தக்கறை என்றால் முதலில் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள். "மேல டாக்டருங்க வியாதியை மட்டும்தான் பாக்குறாங்க. மிச்சத்தையெல்லாம் நாமதான் பாக்குறோம்" என்று சொல்லி அவளே முதலில் சிரிப்பாள்.

பிரார்த்தனைக் கூடத்தில் அவள் வேறு ஆள். முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடினால் பக்கத்தில் நாற்காலி விழுந்தாலும் திறக்க மாட்டாள். அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். டைல்ஸ் ஒட்டும் வேலை பார்த்த அவள் கணவர் குடியை விட வேண்டும். நல்ல வேலைக்காரர். ஆனால் சாயங்காலமானால் கால் தானாகச் சாராயக்கடைப் பக்கம் திரும்பிவிடும். அவர் ஏன் வரவில்லை என்று சபையில் யாராவது கேட்டால் முதுகுவலி என்பாள், காய்ச்சல் என்பாள். "உங்க வீட்டுக்காரருக்கு இருக்கிற வியாதிக்குத் தனி ஆஸ்பத்திரியே கட்டணும் போலிருக்கே" என்று ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருமுறை கிண்டல் செய்தபோது எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

ஒரு சாயங்காலம் அவள் கணவர் சாராயக்கடையிலிருந்து இறங்கி நேராக நடுரோட்டுக்குப் போனார். காய்கறி ஏற்றி வந்த வேன் மோதியது. ஓட்டியவன் அக்கரைக்காரன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவன் ஓடவில்லை. விழுந்தவரை அவனே தூக்கி, காய்கறி மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்து, அக்கா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். உயிர் தங்கவில்லை.

வராந்தாவில் வேன்காரன் சட்டையெல்லாம் ரத்தமாக நின்றான். "அம்மா, திடீர்னு குறுக்க வந்துட்டாரும்மா. பிரேக் போட்டேன், நிக்கல."

கணவரின் துணிகளைப் பையில் போட்டு அப்போதுதான் அவள் கையில் கொடுத்திருந்தார்கள். பையின் வாயைத் திறக்காமலே சாராய நெடி வந்தது. "தெரியும்ப்பா. உன் மேல தப்பில்ல" என்றாள் அக்கா. போலீசும் விசாரித்துவிட்டு அதையேதான் சொன்னது.

சபையில் மட்டும் அவள் சுருக்கமாக முடித்துக்கொண்டாள். "வண்டி மோதிடுச்சு." அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஓட்டியவன் அக்கரைக்காரன் என்பது மட்டும் ஊருக்கே தெரிந்திருந்தது. செத்த பிறகாவது அவருக்கு ஒரு மரியாதை இருக்கட்டும் என்று நினைத்தாள். தனக்கும்தான்.

அடுத்த வருஷம் தேர்தல் வந்தது. புதிதாகத் தலையெடுத்த கட்சி இரண்டு வாக்குறுதிகள் கொடுத்தது. சாராயக்கடைகளை மூடுவோம், அக்கரைக்காரர்களைத் திருப்பி அனுப்புவோம். முதல் வாக்குறுதியைக் கேட்ட அன்றே அக்கா மனதுக்குள் ஓட்டைப் போட்டுவிட்டாள். இரண்டாவதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாள்.

பிரார்த்தனை முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் தினமும் இதே வாக்குவாதம். சபைச் செயலாளராக இருந்த மருந்துக்கடைக்காரர் கட்சிக்காக ராப்பகலாக உழைத்தார்.

"குடும்பத்தைக் காப்பாத்துறேன்னு சொல்ற ஒரே கட்சி இதுதான். நம்பிக்கை உள்ளவங்களுக்கு வேற என்னங்க வேணும்?"

தபால்காரர் விடமாட்டார். "தலைவரே சாயங்காலமானா ஊத்திக்கிறாராமே?"

"அது வதந்தி."

"அப்ப அக்கரைக்காரன் குழந்தையைக் கடத்துறான்னு நீங்க போன்ல அனுப்புறது மட்டும் செய்தியா? உள்ள முழங்கால் போட்டு எல்லாரும் கடவுளோட பிள்ளைங்கன்னு சொல்றோம். வாசலைத் தாண்டினதும் அவன் வேற, நான் வேறயா? கடவுளுக்கு என்ன, ரெண்டு பெண்டாட்டியா, மூத்தவ பிள்ளை இளையவ பிள்ளைன்னு பிரிச்சுப் பாக்க?"

சிலர் சிரித்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரருக்கு முகம் சிவந்தது. சட்டென்று அக்கா பக்கம் கையை நீட்டினார். "இந்த அக்காகிட்ட கேளுங்க. இவங்க தாலியை அறுத்தது யாரு? அக்கரைக்காரன்தானே?"

தபால்காரர்கூட வாயை மூடிக்கொண்டார். அக்கா தலையைக் குனிந்தாள். அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அது அவளுக்கும் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து அவளைக் கட்சி மேடையில் ஏற்றினார்கள். சாராயக்கடைக்கு எதிராகப் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பிப் போனாள். பேச்சாளர் அவள் தோளில் கைவைத்து ஒலிபெருக்கியில் முழங்கினார். "குடிச்சிட்டு வண்டி ஓட்டின ஒரு அக்கரைக்காரன், இந்தத் தாயோட வாழ்க்கையை நசுக்கிட்டான்!"

அக்காவுக்குக் காது அடைத்தது. யார் குடித்தது? மைக்கை அவள் முன்னால் நீட்டினார்கள். கூட்டம் அவளையே பார்த்தது. "எனக்கு வந்த நிலைமை வேற எந்தப் பொண்ணுக்கும் வரக்கூடாது" என்று மட்டும் சொன்னாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அந்த வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது. சந்தையில் காய்கறி இறக்கிக்கொண்டிருந்த வேன்காரனைச் சில பேர் அடையாளம் கண்டுபிடித்து, வேன் கண்ணாடியை நொறுக்கி, அவன் கையை உடைத்தார்கள். அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவன் படுத்த விரிப்பு தள்ளுவண்டியில் கீழே வந்தது. யாருடையது என்று வார்டுக்காரப் பெண் சொன்னதும், விரிப்பை இயந்திரத்தில் போடாமல் அக்கா மேலே போனாள்.

அவன் மனைவி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து குறுக்கே நின்றாள். வீடியோ அவளுக்கும் வந்திருந்தது. அவன்தான் கட்டிலிலிருந்து கேட்டான்.

"நீங்கதானேம்மா அன்னைக்கு என் மேல தப்பில்லன்னு சொன்னீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தான் கேட்டதைச் சரியாகத்தான் கேட்டோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதுபோல இருந்தது அந்தக் குரல். அக்கா திரும்பிப் படி இறங்கிவிட்டாள்.

அவளைப் பற்றி இதற்கு மேலும் சொல்லக் கூசுகிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான். தேர்தல் நாளில் அவள் போய் அதே கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டாள். கடையை மூடுவார்களே, இன்னொரு பெண்ணின் புருஷன் பிழைப்பானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாவடியிலிருந்து வெளியே வந்ததும் சுவரோரமாகக் குந்திவிட்டாள்.

கட்சி ஜெயித்தது. சபையில் நன்றி சொல்லும் கூட்டம். மருந்துக்கடைக்காரர் மலர்ந்த முகத்தோடு, "நம்ம அக்கா வந்து ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார்.

அக்கா எழுந்தாள். "எங்க வீட்டுக்காரர் குடிச்சிருந்தார்" என்றாள். "தினமும் குடிப்பார். முதுகுவலின்னு நான் சொன்னதெல்லாம் பொய். அன்னைக்கு அவரே போய் வண்டியில விழுந்தார். அந்த வேன்காரத் தம்பி குடிக்கல. அவன்தான் தூக்கிட்டு வந்தான். எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் மேடையில சும்மா நின்னேன். அவன் கையை உடைச்சாங்க. அதுக்கப்புறமும் நான் ஓட்டை மாத்திப் போடல."

"அக்கா மனசு கலங்கியிருக்காங்க" என்று மருந்துக்கடைக்காரர் பாட்டுக்காரருக்குச் சைகை காட்டினார். பாட்டு ஆரம்பித்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவளுடைய தங்கச்சிதான் கையைப் பிடித்து இழுத்து, "செத்தவரை ஏன்க்கா சந்தி சிரிக்க வைக்கிற?" என்று பல்லைக் கடித்தாள்.

மறுநாள் வேன்காரன் வீட்டைத் தேடிப் போனாள். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் விரட்டுவதற்கு முன்னால் தாங்களே போய்விடலாம் என்று முடிவாகிவிட்டது. வாசலில் நின்றபடியே சபையில் சொன்னதையெல்லாம் மறுபடியும் சொன்னாள். மனைவி பாத்திரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இதை எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

உள்ளே வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று அக்காவும் எதிர்பார்க்கவில்லை.

அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், மேடையில் சொன்னது பொய் என்று வாக்குமூலம் கொடுத்தாள். தங்கச்சி மகளின் போனில் உண்மையைச் சொல்லி வீடியோ எடுத்துப் போட்டாள். அதைப் பார்த்தவர்கள் சொற்பம். சாராயக்கடைகள் கொஞ்ச காலம் மூடிக் கிடந்து, வேறு போர்டோடு பின் தெருக்களில் திறந்தன. ஆஸ்பத்திரி லிஃப்டில், பஸ்ஸில், யாராவது "உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே, பாவம், உங்க புருஷனை அந்த அக்கரைக்காரன்..." என்று ஆரம்பித்தால் அவள் குறுக்கிட்டு முழுவதையும் சொல்லுவாள். பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். சிலர் இறங்குகிற இடம் வராமலே இறங்கிவிடுவார்கள்.

ஒருநாள் கூடத்து வாசலில் தபால்காரர் அவளை நிறுத்தினார். "தைரியமாத்தான் சொல்லிட்டீங்கம்மா. நல்ல காரியம்."

"நல்லதுன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணா" என்றாள் அக்கா. அவர் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கதவோரமாக இருந்த கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.