நாலு விரல் இடைவெளி

போட்டோக்காரருக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘நெருங்கி சார்’. இருபத்தாறு வருடமாக அங்கே வகுப்புப் படங்களை அவர்தான் எடுக்கிறார். நாற்காலியில் ஆசிரியர்கள், பின்னால் ஒரு வரிசை, அதற்கும் பின்னால் பெஞ்சு மேல் ஒரு வரிசை. “நெருங்கி, நெருங்கி! நடுவுல யாருக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கே, வரப்போற மாப்பிள்ளைக்கா?” என்பார். சிரிப்பு வரும், இடைவெளி போகும். கையைத் தூக்கிவிட்டால் மூன்று எண்ணும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மறுபடி முதலிலிருந்து, அதே வெயிலில். ஆறாம் வகுப்பில் ஒருமுறை பட்ட பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை மறக்காது.

வீட்டிலும் இந்தப் பழக்கம் விடாது. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குவளைகளை ஒட்டி ஒட்டி வைப்பார். “அதுங்களாவது மூச்சு விடட்டுமே” என்பாள் மனைவி.

பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி நாளன்று அவர் படம் எடுக்க ஒன்பது வகுப்புகள் இருந்தன. மேற்கே மேகம் வேறு. அவர் கேமரா முக்காலியை விரித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்குள்ளே பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து ஏழு வருடக் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எட்டாவதுல என் டிபன் டப்பா காணாமப் போச்சு. இன்னிக்காவது உண்மையைச் சொல்லு, நீதானே?”

“டப்பாவைத் திருப்பி வச்சேனா இல்லையா?”

“வச்சே. கழுவி வேற வச்சிருந்தே. அதனாலதான்டா உன்மேல சந்தேகமே வரல!”

வகுப்பே அதிர்ந்தது. பிறகு ஒரு பெண் குரல், “இப்ப கண்மூடி இருந்திருந்தா…” என்று தொடங்கி அப்படியே நின்றது. சிரிப்பும் நின்றது. போட்டோக்காரர் மேகத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ‘கண்மூடி’ என்ற பெயரை வைத்ததே தான்தான் என்பது அப்போது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

பிள்ளைகள் வெளியே வந்து நின்றார்கள். பெஞ்சு வரிசையில், ‘கொக்கு’ என்ற நெட்டைப் பெண்ணுக்கும் கண்ணாடி போட்ட இன்னொருத்திக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

“நெருங்கி, நெருங்கி! யாருக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கே, வரப்போற மாப்பிள்ளைக்கா?”

ஒருவரும் சிரிக்கவில்லை.

“சார், அது வந்து…” என்றாள் கொக்கு.

“பேசாதே, பேசினா வாய் கோணிக்கும்.” அவரே போய் அவள் முழங்கையைப் பிடித்து நகர்த்தி, மற்றவளையும் இழுத்து ஒட்டவைத்தார். திரும்பி வந்து கையைத் தூக்கினார். மூன்று எண்ணினார். நாற்பத்திரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. கற்றுக்கொடுத்தவரே அவர்தானே.

நாலாம் நாள் ஸ்டூடியோவுக்கு ஓர் அம்மா வந்தார். மருந்துக் கடையில் வேலை செய்பவர், கடைச் சட்டையோடு வந்திருந்தார்.

“அண்ணே, பன்னிரண்டாவது படம் வந்துடுச்சா? என் பொண்ணுக்கு இடம் விட்டு எடுத்தது.”

“இடம் விட்டா?”

“போன வருஷம் உடம்பு முடியாம இருந்து தவறிட்டா அண்ணே. பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்கு வந்து, ‘அவ இடத்துல யாரும் நிக்க மாட்டோம் அம்மா, அப்படியே விட்டு எடுக்கப் போறோம்’னு சொல்லிட்டுப் போச்சுங்க. உங்களுக்குக்கூட அவளைத் தெரியும். எந்தப் படத்துலயும் கண்ணை மூடிக்குவாளே. கண்மூடின்னு கூப்பிடுவீங்களாம்.”

படம் மேசை மேல்தான் கிடந்தது. அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

“இன்னும் பிரிண்ட் வரலம்மா. அடுத்த வாரம் வாங்க.”

அன்றே பள்ளிக்கு ஓடினார். இவரிடம் டீச்சர் சொல்லியிருப்பார் என்று பிள்ளைகளும், பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள் என்று டீச்சரும் இருந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுக்கலாம் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்கள்.

வந்தது பதினோரு பேர். மற்றவர்கள் பள்ளி விடுதியைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். கொக்கு இல்லை. கண்ணாடிக்காரியும் இல்லை. பதினோரு பேரும் அன்று நின்ற இடத்திலேயே போய் நின்றார்கள். பல்லுப்போன சீப்பு மாதிரி இருந்தது வரிசை. எங்கே பார்த்தாலும் இடம். அதில் அவளுடையது எது?

போட்டோக்காரரின் நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்தது. விழுங்கிக்கொண்டார். மூன்று எண்ணி எடுத்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

சொன்ன நாளில் அந்த அம்மா வந்தார். போட்டோக்காரர் இரண்டு படங்களையும் எதிரே வைத்தார்.

“என்மேலதாம்மா தப்பு. நான்தான் பிடிச்சு நெருக்கி நிக்கவச்சேன். அந்தப் பொண்ணு வாயைத் திறந்துச்சு, நான் பேசவிடல. அப்புறம் திருப்பி எடுத்தேன், அதுவும் சரியா வரல.”

அம்மா பதினோரு பேர் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். முதல் படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பினார். பெஞ்சு வரிசையில் விரல் மெதுவாக நகர்ந்து கொக்கிடம் வந்து நின்றது. போட்டோக்காரர் இழுத்த இழுப்புக்குக் கொக்கின் கால் நகர்ந்திருந்தது. தோள் மட்டும் வரவில்லை. விறைப்பாக அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு பெண்களுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கீற்றாக, நேரில் நாலு விரல் அகலம் இருக்கும், பின்சுவர் தெரிந்தது. பிரிண்ட் போடும்போது அதைப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் நெருக்கியிருக்கலாம்’ என்று அவர் நொந்துகொண்ட இடம்தான் அது.

“இங்கேதானே அண்ணே?”

“ஆமாம்மா. அவ்வளவுதான் மிச்சம்.”

அம்மா அந்தக் கீற்றின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். இடம் முழுக்க மறைந்துபோயிற்று.

“கடைசி மாசம் அவ இவ்வளவுதான் இருந்தா அண்ணே.”

படத்தை மருந்துக் கடைப் பையில் மடங்காமல் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.